நடந்திருக்க வாய்ப்பில்லை

“கையை உள்ள வச்சுக்கங்கண்ணே, டை பட்டா சட்டைக்கு ஆகாது” என்று சொல்லி, தாயுமானவனின் இரண்டு கைகளையும் வெள்ளைத் துணிக்குள் தள்ளிப் பிடரியில் முடிச்சுப் போட்டான் மணிவேல். போட்டதுதான் தாமதம், மூக்கு நுனியில் அரிக்க ஆரம்பித்துவிட்டது. எப்போதும் இப்படித்தான். கை சும்மா இருக்கும்போது மூக்கும் தன்பாட்டுக்கு இருக்கும். கையைக் கட்டிப்போட்டால் அதற்குச் சொரணை வந்துவிடும். கண்ணாடியில் துணிக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. ஐம்பத்து மூன்று வயதுத் தலை. ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் காலமெல்லாம் இரும்புக் குழாய்களைத் தட்டிப் பார்த்து ‘இது ஆகாது, எடு’ என்று சொல்லிச் சொல்லி நடுவில் ஒரு மடிப்பு விழுந்துவிட்ட நெற்றி. சாயங்காலம் அந்த நெற்றியோடுதான் பாலக்கரைக்குப் போக வேண்டும். குலோத்துங்கன் எடுத்த படம் போடுகிறார்கள். திருச்சியில் வீடியோ கேம் கடைகள் வந்த கதையும் போன கதையும். முன் வரிசையில் நாற்காலி போட்டிருக்கேன் சார், நீங்க இல்லாம இது இல்ல சார் என்று காலையிலும் போன் பண்ணிவிட்டான். முன் வரிசை என்றால் எல்லாரும் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணும் பார்ப்பாள். வருவாளா? வரமாட்டாள். வந்தால்? வரமாட்டாள், அவ்வளவு ஆன பிறகு எந்த முகத்தோடு வருவாள். எந்த முகத்தோடா? யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரைக் கேட்கிறாய் என்றது கண்ணாடித் தலை. சரிங்க சார். அந்த இரண்டு சொல்தான் அவள் எழுதியது. திட்டியிருக்கலாம். நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தார், படம் வரைந்து பாகம் குறித்த பதில். ‘சரிங்க சார்’ என்பதற்கு எந்தப் பதிலும் பொருந்தவில்லை. மூன்று மாதமாக அதை மென்று கொண்டிருக்கிறார், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மணிவேல் கிண்ணத்தில் டையைக் குழைத்து முதல் பட்டையை இழுத்தான். காதோரம் சில்லென்று இறங்கியது.

அவருக்கு இந்த வீடியோ வேலை தொழில் இல்லை, குலோத்துங்கனுக்கும் இல்லை. குலோத்துங்கன் உறையூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு, பள்ளிக்கூடம் போகாமல் தான் நின்று கிடந்த வீடியோ கேம் கடைகளைப் பற்றி விசாரித்து விசாரித்து வீடியோ போட ஆரம்பித்தான். முதல் வீடியோவிலேயே ஒரு மெஷின் வெளிவந்த வருஷத்தைத் தப்பாகச் சொன்னான். தாயுமானவன் கீழே பணிவாகத் திருத்தி எழுதினார். அடுத்ததில் படம் ஒரு மெஷின், பேச்சு வேறொரு மெஷின். அதையும் எழுதினார். நல்ல பையன், கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டு நன்றி சொன்னான், போடுவதற்கு முன்னால் அவருக்கு அனுப்பிக் காட்ட ஆரம்பித்தான். பார்க்கிறவர்கள் அவருக்குத் ‘திருத்தல் திலகம்’ என்று பட்டம் கட்டினார்கள். வெளியில் அலட்டிக்கொள்ளவில்லை என்றாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனார், அதை மறைப்பானேன். ஆலையில் அவர் ஆகாது என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள், இங்கே கைதட்டினார்கள். விதிகள் எல்லாம் அவர் போட்டதுதான். அச்சில் வந்தது இருந்தால் எடுத்துக்கொள், போட்டோ இருந்தால் எடுத்துக்கொள். வெறும் நினைவை ஆதாரமாக எடுக்காதே. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் மட்டும் யோசிக்கலாம். குலோத்துங்கன் அதை எழுதி மருந்துக்கடைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தான், கடன் கிடையாது என்ற அட்டைக்குக் கீழே. “ஒரு மனுஷன் ஆசையா ஒண்ணைச் சொன்னா, அதுல கல்லுப் பொறுக்கத்தான் உங்களுக்குத் தோணும்” என்பாள் சிவகாமி. கல் இருந்தால் பொறுக்கத்தானே வேண்டும், பல் உடைந்தால் யார் கட்டுவது என்று மனைவியையும் மடக்கியிருக்கிறார். மடக்கினாரே ஒழிய, அதற்குப் பிறகு அவள் தன் பிறந்த வீட்டுக் கதை எதையும் அவரிடம் முழுசாகச் சொன்னதில்லை. நடுவில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இதோ இந்த நாற்காலியும்தான். தான் பிறந்த வருஷம் அப்பா வாங்கிய நாற்காலி என்று மணிவேல் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வான். கைப்பிடிக்குக் கீழே தகட்டில் வருஷம் பொறித்திருக்கிறதே, மூன்று வருஷம் தள்ளியல்லவா வருகிறது என்று தாயுமானவன் ஒரு நாள் காட்டிக்கொடுத்தார். ஆமாண்ணே என்று மணிவேல் சிரித்தான். அதோடு சரி, அந்தக் கதையை அவன் சொல்லி அவர் கேட்கவில்லை. யார் குடி முழுகியது, மூன்று வருஷம் முன்னே பின்னே இருந்தால்? யாரும் கேட்கவில்லையே. நாக்கு நிற்காது, அதுதான் விஷயம்.

ரெஜினா மணப்பாறைப் பக்கம் ஆரம்பப் பள்ளி டீச்சர். பாலக்கரையில் வளர்ந்தவள். குலோத்துங்கனின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அவளாகத்தான் கூப்பிட்டுப் பேசினாள். கேமரா முன்னால் உட்கார்ந்து முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள். “எங்கண்ணன் பேரு லூர்துராஜ். ஜமால் பாய் கடையில விமானம் சுடுற மெஷின் ஒண்ணு இருந்துச்சு. அதுல அவன்தான் முதல். முதல்ல வர்றவங்க மூணு எழுத்து போட்டுக்கலாமாம். அவன் பேரைப் போடாம என் பேரைப் போட்டான். ஆர், ஈ, ஜி. பொம்பளப் பிள்ளைங்க அந்தக் கடைக்குள்ள போக முடியாது. டியூஷன் போறப்ப வாசல்ல நின்னு பாப்பேன். யாரும் ஆடாத நேரத்துல பேரெல்லாம் வரிசையா வரும், எல்லாத்துக்கும் மேல என் பேரு. அண்ணன் மஞ்சக்காமாலையில செத்துட்டான். அதுக்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல அந்தப் பேரு அங்கயே இருந்துச்சு. தினம் போய்ப் பாப்பேன், அவன் உள்ள நின்னு ஆடிட்டு இருக்கற மாதிரி.” அவருக்குக் காட்டாமல் குலோத்துங்கன் போட்ட வீடியோ அது ஒன்றுதான். அழுதுட்டேன் சார், உடனே போட்டுட்டேன் என்றான் பிறகு. அதுவும் ஒரு முள்ளாகக் குத்தியிருக்குமோ, என்னைக் கேட்காமலா என்று? இருக்கலாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினார். ‘இந்த மெஷினுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டில் பெயர்களைக் காத்துவைக்கும் வசதி கிடையாது. மின்சாரம் நின்றால் பட்டியல் அழிந்துவிடும். இரவில் கடை சாத்தும்போது மெஷினை அணைப்பார்கள். போதாததற்கு அன்றாடம் மின்வெட்டு இருந்த காலம். ஆகவே இவர் சொல்வது நடந்திருக்க வாய்ப்பில்லை. இவரைக் குறை சொல்லவில்லை. நினைவு இப்படித்தான் ஏமாற்றும்.’ போர்டின் வரைபடத்தையும் சேர்த்துப் போட்டார். கடைசி இரண்டு வரி அன்பாகச் சேர்த்தது. இப்போது நினைத்தால் அந்த அன்புதான் உறுத்துகிறது. நேராகப் பொய் என்று சொல்லியிருந்தால் அவளுக்காக நாலு பேர் சண்டைக்காவது வந்திருப்பார்கள். அனுதாபத்தோடு சொன்னதால் எல்லாரும் நம்பிவிட்டார்கள். அக்கா செம ரீல் என்றான் ஒருவன். செத்த அண்ணனை வச்சு கூட்டம் சேக்குறாங்க என்றான் இன்னொருவன். பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களின் வாட்ஸாப்பில் ‘நம்ம ரெஜினா டீச்சரின் பொய்’ என்று சுற்றியதாகக் கேள்வி. குலோத்துங்கன் வீடியோவை எடுத்துவிட்டு, சரிபார்க்காமல் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டு ஒன்று போட்டான். அவளிடம் இல்லை, பார்க்கிறவர்களிடம். அவள் எழுதினாள்: சரிங்க சார்.

சரி, இதில் நான் என்ன தப்புச் செய்தேன், என்று தாயுமானவன் ஆயிரத்தோராவது தடவையாக ஆரம்பித்தார். போர்டில் வசதி இல்லை என்பது உண்மையா இல்லையா? உண்மை. மின்சாரம் போனால் அழியும் என்பது? உண்மை. அவள் அழுதாள் என்பதற்காக மின்சாரம் போகாமல் இருந்திருக்குமா? இருக்காது. அப்புறம் ஏன் இரண்டு வேளைச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது? ஏன் கோயிலில்கூட அவள் மாதிரி யாராவது முந்தானையை இழுத்து விட்டால் தூண் பக்கம் ஒதுங்குகிறாய்? பாவம்டா, பாவம். சரியாகச் சொன்ன பாவம். அப்படி ஒரு பாவம் உண்டா? ஒரு குழாயில் விரிசல் இருக்கிறது என்று சொன்னால் குழாய் அழுவதில்லை. அழாததையே தட்டிப் பார்த்துப் பழகிய கை இது. தவிர, தானும் ஜமால் பாய் கடையில் நின்றவன்தானே. ஆடத் தெரியாது, ஆடுகிறவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிற கூட்டத்தில் ஒருவன். மெஷின் தலையில் எரியும் பெயர்ப்பலகை, பக்கவாட்டில் உரிந்த படம் எல்லாம் அச்சடித்த மாதிரி நினைவிருக்கிறது. அதை வைத்துத்தான் எந்த போர்டு என்றே கண்டுபிடித்தார். லூர்துராஜை அவருக்குத் தெரியாது. அவர் போக ஆரம்பித்தது அவன் செத்த பிறகாகத்தான் இருக்கும். மேலே யார் பெயர் இருந்தது? பெயரையா பார்த்தோம், விமானத்தைப் பார்த்தோம். “அண்ணே, அரை மணி நேரம் அப்படியே இருங்க. சாயாதீங்க, துணியெல்லாம் ஆயிரும்” என்றான் மணிவேல். தலை முழுக்கக் கறுப்புக் களிம்பு. பின்னால் பெஞ்சில் யாரோ பேப்பரைப் புரட்டினார்கள். டையின் காரம் கண்ணுக்குள் ஏறியது, ஏறி மூக்கில் நின்றது.

காரம் என்றால் வெறும் காரம் இல்லை, எங்கேயோ நின்று முகர்ந்த காரம். எங்கே? காலேஜ். இல்லை, காலேஜ் இல்லை. ஒரு சொட்டு டை காதின் பின்புறம் வழிந்து எரியவும் உடம்பு தானாகத் துள்ள, முழங்காலுக்குக் கீழே நாற்காலியின் இரும்புப் படியில் நங்கென்று இடித்தது. அம்மா! அதே இடம். வலது கால், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே. அந்த இடத்தில்தான் சந்தன நிறப் பேன்ட்டில் ஓட்டை விழுந்தது. தீபாவளிக்குத் தைத்த பேன்ட், பொங்கல்கூட வரவில்லை, அதற்குள் ஓரம் பொசுங்கி விரல் நுழைகிற ஓட்டை. அம்மா துவைக்கிற கல்லில் அதை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள், “இது என்னடா இது, கங்கு விழுந்த மாதிரி? எங்க போயி நின்னே?” “லேப்ல ஆசிட் பட்டிருச்சும்மா.” அவள் நம்பி, அதே நிறத்தில் நூல் தேடி இழை ஓட்டிக் கொடுத்தாள். லேப் கதையைச் சிவகாமியிடம் சொல்லியிருக்கிறார். மகனிடம் சொல்லியிருக்கிறார், ஆலையில் பயிற்சிக்கு வருகிற பையன்களிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார், ஆசிட் என்றால் ஜாக்கிரதை தம்பி, எனக்கே காலேஜ் லேப்ல. காலேஜ் லேப்ல. எந்த லேப்? தாயுமானவனுக்கு உச்சந்தலையில் குப்பென்று வியர்த்தது. எந்த லேப்டா? நீ படித்தது கணக்கு. கணக்குப் படித்தவனுக்கு ஏது ஆசிட்? சாக்பீஸ் தூள் தவிர வேறெதுவும் பேன்ட்டில் பட வழி இல்லாத படிப்பு. முப்பது வருஷமாக வாய்கூசாமல் சொல்லி, ஊரார் வருஷத்தையெல்லாம் திருத்திய அந்த வாய், இதை ஒரு தடவையாவது தட்டிப் பார்த்ததா? அம்மாவிடம் பொய் சொன்னது ஏன் என்றால், வீடியோ கேம் கடையில் நின்றேன் என்று சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்று. அப்படியானால் ஓட்டை விழுந்தது அங்கே. அங்கே ஆசிட் எப்படி? “தம்பி, காலை அந்தாண்ட வை. பேட்டரில படாத, பேண்டு பொத்தலாயிரும்.” ஜமால் பாயின் குரல். கரகரத்த குரல், வெற்றிலை போட்ட வாய். ஐயோ. பேட்டரி. மெஷினுக்குக் கீழே ஒரு லாரி பேட்டரி. அடுத்த கடை பேட்டரி சார்ஜ் போடுகிற கடை. பலகைத் தடுப்பில் ஓட்டை போட்டு இரண்டு வயர் இந்தப் பக்கம் வரும், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. கரண்ட் போனதும் விசிறி நிற்கும், திரை இருளும், பையன்கள் சலித்துக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். அவர் போகமாட்டார், வாசலில் நின்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். இருட்டில் அந்த மெஷினுக்குள் மட்டும், காசு போடுகிற துளை வழியாக, சின்னதாகச் சிவப்பு வெளிச்சம் தெரியும். “கரண்டே இல்லையே பாய், அது மட்டும் எப்படி எரியுது?” என்று யாரோ கேட்டார்கள். “டிவிதான் ஆஃபு. உள்ள போர்டு ஓடுது. அது அணையக் கூடாதுப்பா. அந்தப் புள்ள பேரு இருக்கு.” எந்தப் பிள்ளை என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கரண்ட் எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, எரியுதா? கழுவிரட்டுமா?” என்று மணிவேல் ஓடிவந்தான். தாயுமானவன் துணிக்குள் கையைத் துழாவிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தார். காதெல்லாம் களிம்பு, காதில் வைக்க வழி இல்லை. “இதைக் கொஞ்சம் சத்தமா வச்சுப் பிடிப்பா” என்றார். மணிவேல் குலோத்துங்கனின் எண்ணை அழுத்தி, ஏதோ ஆரத்தி காட்டுவது போல முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான். மறுமுனையில் நாற்காலி இழுக்கிற சத்தம், மைக் தட்டுகிற சத்தம். “சொல்லுங்க சார், கிளம்பிட்டீங்களா?” தாயுமானவன் சொன்னார். பேன்ட்டைச் சொன்னார், அம்மாவைச் சொன்னார், பேட்டரியை, வயரை, சிவப்பு வெளிச்சத்தை, ஜமால் பாயை, எது முன்னால் எது பின்னால் என்றில்லாமல் கொட்டினார். பெஞ்சில் பேப்பர் புரட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. “அவங்க சொன்னதுதான் சரி குலோத்துங்கா. நான்தான் தப்பு. அவங்க பகுதியைப் படத்துல சேத்துடு.” பிறகு குலோத்துங்கன், குத்திக்காட்டவெல்லாம் இல்லை, அந்தப் பிள்ளைக்கு அது வரவும் வராது, உண்மையான அக்கறையோடு கேட்டான்: “போட்டோ ஏதாவது இருக்கா சார்?” “இல்லப்பா.” “ஜமால் பாயும் இல்ல, கடையும் இல்ல. நினைவு மட்டும்னா… நீங்கதானே சார் சொல்லுவீங்க. ரெண்டு பேர் வேணும்னு. இப்ப நான் சேத்தா, மறுபடி யாராவது கேட்டா அவங்களுக்குத்தானே அசிங்கம்?” தன் விதியைத் தன் முகத்துக்கு நேரே இவ்வளவு மரியாதையாக யாரும் நீட்டியதில்லை. விதி சரிதான். அதுதான் தாங்கவில்லை. “அவங்க வர்றாங்களா?” என்றார். “நான்தான் சார் கெஞ்சிக் கூப்பிட்டேன். பஸ்ல வந்துட்டு இருக்காங்க. பின்னாடி உக்காந்து பாத்துட்டுப் போயிடறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. நம்பர் அனுப்பறேன், நீங்களே பேசிடுங்க சார். எனக்குப் பயமா இருக்கு.”

நம்பர் வந்தது. மணிவேல் அவர் முகத்தைப் பார்த்தான். கழுவிட்டு அப்புறமாப் பேசலாமே அண்ணே, என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான் என்று தோன்றியது. அப்புறமா. அப்புறமா என்று தள்ளினால் அது எங்கே போய் நிற்கும் என்று தாயுமானவனுக்குத் தெரியும். தலை காயும், சட்டை மாற்றுவார், முன் வரிசையில் உட்காருவார், விளக்கை அணைப்பார்கள், ஆர் ஈ ஜி இல்லாத படம் ஓடும், பின்னால் எங்கேயோ ஒரு பெண் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து போவாள். போடு என்றார். மணி அடித்தது. என்ன சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது? மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அதுவும் அந்தக் கடைசி இரண்டு வரி மாதிரி அன்பாகிப் போய்விடும். அன்பு வேண்டாம். நடந்ததைச் சொல். “ஹலோ?” பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல், வகுப்பில் கத்திக் கத்திக் கொஞ்சம் உடைந்த குரல். “நான் தாயுமானவன் பேசுறேங்க. குலோத்துங்கன் வீடியோல… எழுதினவன்.” “சொல்லுங்க சார்” என்றாள். “இன்னும் எதை எடுக்கணும்?”

வரைபடம், வருஷம், ஆகவே, ஆதலால், ஒன்றுமே வரவில்லை. “எடுக்கறதுக்கு இல்லம்மா” என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. “ஜமால் பாய் கடையில நானும் நின்னிருக்கேன். அந்த மெஷின்கிட்ட. அங்க நின்னு நின்னு, என் பேன்ட்ல, வலது கால்ல, கணுக்காலுக்கு மேல ஓட்டை விழுந்துச்சு.” சொன்ன பிறகுதான், இதை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்கிறோமே, பைத்தியம் என்றல்லவா நினைப்பாள் என்று உறைத்தது. பேட்டரி என்ற சொல்லை இன்னும் சொல்லவே இல்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பேசினாள், மெதுவாக, தனக்குத்தானே போல. “எங்கண்ணன் பேன்ட் எல்லாத்துலயும் அந்த இடத்துலதான் ஓட்டை இருக்கும். பீடி குடிக்கிறான்னு அப்பா அடிப்பாரு. அவன் இல்லப்பா, இல்லப்பான்னு அழுவான். எதுலன்னு சொல்லவே மாட்டான். சொன்னா அந்தக் கடைக்குப் போக விடமாட்டாங்கள்ல. செத்ததுக்கப்புறம் அம்மா அந்த ஓட்டையெல்லாம் தச்சு மடிச்சு வச்சிருந்தாங்க.” இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தாயுமானவன் அப்படியே நாற்காலியில் சரிந்தார், துணியெல்லாம் கறுப்பாகியது. அந்தப் பக்கம் அவள் சட்டென்று சுதாரித்துக்கொண்டது தெரிந்தது. மூன்று மாதத்தில் பழகிய சுதாரிப்பு, அவர் பழக்கிய சுதாரிப்பு. குரல் இறுகிப்போய் வந்தது. “ஏன் சார் கேக்குறீங்க? அதுவும் நடந்திருக்க வாய்ப்பில்லையா?”

“நடந்துச்சும்மா” என்றார் தாயுமானவன், கடை முழுக்கக் கேட்கும்படியாக. “நடந்துச்சு. உங்க பேரு அங்கதான் இருந்துச்சு. நான் பக்கத்துலயே நின்னேன், நிமிந்து பாக்கல.”